ரேடியோ மாஸ்டர் வீடு

கடுகு தாளிக்கும் வாசனையும் உருகிய ஈயத்தின் வாசனையும் ஒன்றாகக் கலந்தால் எப்படியிருக்கும் என்று கேட்டால், விடை சொல்லத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் என் தம்பிகளும் நானும் மட்டுமாகத்தான் இருப்போம். மூக்கின் மேல்பகுதியில் சுருக்கென்று ஏறி, தொண்டையில் இனிப்பாக இறங்கும் வாசனை அது. மலாக்காவில் காஜா பெராங் சாலையை ஒட்டி, செட்டிகளின் குடியிருப்பான கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பலகை வீட்டின் சமையலறையில், ஒரு சுவரோரம் அடுப்பும் மறு சுவரோரம் அம்மாவின் மேசையும் இருந்தன. அந்த மேசையில் எப்போதும் முதுகுப் பலகை கழற்றப்பட்ட ஒரு ரேடியோ, வயிற்றைத் திறந்து போட்ட கோழி மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஜப்பான்காரன் காலத்தில் பள்ளிக்கூடமும் இல்லாமல், வெளியே போகவும் வழியில்லாமல் அடைந்து கிடந்த நாள்களில், பழைய பேப்பர்க்காரரிடம் கிடைத்த அட்டையில்லாத ஓர் ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறார். அது ரேடியோவைப் பற்றிய புத்தகம். கையில் ரேடியோவே இல்லாமல் ரேடியோவைக் கற்றுக்கொண்டவர் அவர். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா எங்கிருந்தோ ஓர் ஊமைப் பெட்டியை வாங்கி வந்தபோது, நான்கு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஐந்தாம் நாள் பாட வைத்தாராம்.

பரீட்சைத் தாள்களின் பின்புறமெல்லாம் அம்மா வரைந்த கோடுகளும் சுழிகளுமாக இருக்கும். என் சட்டைக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தவர், கையிலிருக்கும் நூலின் முறுக்கைப் பார்த்து, இது ரேடியோ முள்ளை இழுக்கும் கயிற்றுக்குச் சரியாக இருக்குமே என்று எழுந்து போய்விடுவார். நான் பொத்தான் இல்லாமல் பள்ளிக்குப் போவேன். சோறு அடிப்பிடித்த நாள்கள் அநேகம். கொல்லையில் சாக்கடை அடைத்துக்கொண்டால்கூட, "ஓட்டம் எந்த இடத்துல நிக்குதுன்னு மொதல்ல பாரு, அப்புறம் குச்சிய எடு" என்பார். இடுப்பில் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் ஒரு திருப்புளி செருகியிருக்கும். ஈயம் உருக்கும் கருவிக்கு எங்கள் வீட்டில் "சூட்டுக்கம்பி" என்று பெயர். மேசையைச் சுற்றித் தரையில் சுண்ணக்கட்டியால் கிழித்த வளையத்துக்கு "கோடு" என்று பெயர். கோட்டைத் தாண்டினால் அடி விழும். ஐந்து வயது மணிக்கும் மூன்று வயது குணாவுக்கும் அந்த வீட்டில் தெரிந்த ஒரே சட்டம் அதுதான்.

அப்போது அது அம்மாவின் விளையாட்டு. பள்ளி வேலையும் வீட்டு வேலையும் முடிந்து கையில் மிஞ்சும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் அவர் ஆடிய விளையாட்டு. ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு, அதில் துளையிட்டு, தூரத்து நாடுகளின் ஒலிபரப்பைப் பிடிக்கும் ஒரு பெட்டியைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். "லண்டன், மெட்ராஸ், அதுக்கும் அந்தப் பக்கம்" என்பார். மலாக்கா ஆற்றுக்கு அந்தப் பக்கமே மாதத்துக்கு ஒருமுறை போகிறவர் அவர்.

அப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ரப்பர் வாங்கி அனுப்பும் பிரிவில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஒருநாள் அங்கிருந்த பெரிய கிராணியின் ரேடியோ ஊமையாகிவிட, "எங்க வீட்ல பாத்துத் தர்றேங்க" என்று தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா அரை மணி நேரத்தில் சரிசெய்தார். மறுநாள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது பெரிய கிராணி, "அட, நீயேவா சரி பண்ணினே?" என்று வியந்து கேட்க, அப்பா, "ஆமாங்க" என்று சொல்லிவிட்டார். வேண்டுமென்றே சொல்லவில்லை, பெஞ்சாதி செய்தாள் என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கி அதைச் சொன்னபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "யாரு பண்ணா என்னங்க? பாடுதுல்ல?" என்றார். அந்தச் சிரிப்புக்காக அவர் பிறகு எத்தனை முறை வருந்தினாரோ எனக்குத் தெரியாது.

நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேசத் தொடங்கிய அந்த வருடத்தில் வெள்ளைக்காரர்கள் கம்பெனியை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் தங்கள் ஆட்களை வைத்துக்கொண்டார்கள். அப்பா ஒரு மாதம் வீட்டிலிருந்தார். பெரிய கிராணிக்கு அவர்மேல் இரக்கம். ஆற்றங்கரைப் பக்கம் ரேடியோ கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவரிடம், "கைராசிக்காரன், எடுத்துக்குங்க" என்று சொல்லி, அப்பாவை மெக்கானிக்காகச் சேர்த்துவிட்டார். சேர்ந்தாகிவிட்ட பிறகுதான் அப்பா வீட்டுக்கு வந்து சொன்னார்.

அம்மா அன்று சிரிக்கவில்லை. வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டுத்தான் கேட்டார்.

"கடையில ஒக்காந்து எப்படிப் பண்ணுவீங்க?"

"வீட்லதான் சாமான் இருக்கு, அமைதியா இருந்தாத்தான் எனக்குக் கை ஓடும்னு சொல்லியிருக்கேன். சரின்னுட்டாரு. பகல்ல கடையில பெட்டி வாங்குறது, குடுக்குறது. சாயங்காலம் கொண்டாருவேன், காலையில கொண்டு போவேன். வேற வேலை கெடைக்கிற வரைக்கும்தான், கமலா."

அப்படித்தான் எங்கள் வீடு ரேடியோ மாஸ்டர் வீடு ஆயிற்று. கடைச் சிப்பந்திகள் அப்பாவை "மாஸ்டர்" என்று அழைத்தார்கள். பிறகு தெருவும் அழைத்தது. ஒவ்வொரு சாயங்காலமும் சைக்கிளின் பின்னால் கைலித் துணியில் சுற்றிய மூன்று பெட்டிகள், சில நாள் நான்கு பெட்டிகள் வந்து இறங்கும். அம்மா அன்று மாலையே ஒவ்வொன்றையும் பாட வைத்துப் பார்த்து, என்ன கோளாறு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிவைப்பார். மறுநாள் விடியுமுன் எழுந்து சமைத்து, தம்பிகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய், ஒரு மணிக்குத் திரும்பி வந்து, துணி துவைத்து, எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு மூன்று மணிக்கு மேசைக்கு முன்னால் உட்காருவார். ஆறு மணிக்குள் முடியவேண்டும். அப்போது அடுத்த சுமை வந்துவிடும். அதற்குமேல்தான் மாணவர்களின் நோட்டுகளைத் திருத்துவது. அப்பாவும் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். தண்ணீர் இறைப்பார், தம்பிகளைக் குளிப்பாட்டுவார், அம்மியில் அரைக்கக்கூடச் செய்வார். அதுவும் யார் கண்ணிலும் படாமல் செய்யவேண்டியிருந்தது.

எனக்கு அந்தக் காலத்தை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது மூடிய சன்னல்கள். மேசை சன்னலுக்கு நேராக இருந்தது. தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று மத்தியானத்தில் பலகைச் சன்னல்கள் எல்லாவற்றையும் சாத்திவிடுவோம். தகரக் கூரையின் கீழே, எரியும் விளக்கும் சூட்டுக்கம்பியும் ஈயப் புகையுமாக, அந்த அறை இட்டிலிக் கொப்பரை போல வெந்துகொண்டிருக்கும். அம்மாவின் முதுகில் ரவிக்கை நனைந்து ஒட்டியிருக்கும். நான் வாசல் கதவின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு காவல் இருப்பேன். யாராவது வந்தால், "அம்மா, தண்ணி கொதிக்குது!" என்று கத்தவேண்டும். உடனே அம்மா எழுந்து அடுப்புப் பக்கம் போய்விடுவார். அப்பா வீட்டில் இருந்தால் அவர் ஓடிவந்து மேசைக்கு முன்னால் உட்கார்ந்து திருப்புளியைக் கையில் எடுத்துக்கொள்வார். இல்லாவிட்டால் பெட்டிகள்மேல் போர்வை விழும். பத்து வயதில் நான் தோழி ஒருத்தியையும் வீட்டுக்கு அழைத்ததில்லை. கூப்பிட்ட வீடுகளுக்குப் போனதுமில்லை. தம்பிகளைக் கோட்டுக்கு வெளியே வைத்திருப்பதும் என் வேலைதான்.

அம்மாவின் பிஸ்கட் டின் மெல்ல மெல்லக் காலியானது. கடையில் ஏதாவது ஒரு வால்வு கிடைக்காமல் போனால், தன் பெட்டியிலிருந்து கழற்றிப் பிறத்தியார் பெட்டியில் போட்டுவிடுவார். "அப்புறம் வாங்கிப் போட்டுக்கலாம்" என்பார். ஆகஸ்ட் மாதம் பிறந்தபோது அதில் துளைகள் மட்டும்தான் இருந்தன. ஒருநாள் மணி அதில் கோலிக்குண்டுகளைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தான். அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

சுதந்திர நாளுக்கு ஊரே தயாரானது. கோலாலம்பூரில் நடக்கப்போகும் விழாவை நேரடியாகக் கேட்கவேண்டும் என்று, வருடக்கணக்காக மூலையில் கிடந்த ரேடியோக்களை எல்லாம் ஜனங்கள் தூசி தட்டி எடுத்துக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். நான்கு பெட்டிகள் ஆறாகின, ஏழாகின. அப்பா இரண்டு நடையாகக் கொண்டுவந்தார். உஜோங் பாசிர், பத்து பெரெண்டாம் என்ற ஊர்களிலிருந்து வந்த பெட்டிகள் கட்டிலுக்கடியில் வரிசையாக நின்றன. அம்மாவின் விரல் நுனிகளில் சூட்டுத் தழும்புகள். பள்ளியில் கரும்பலகையைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் அப்படியே நின்றுவிட்டார் என்று என் வகுப்புப் பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள்.

பள்ளியிலிருந்து ஊர்வலத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். நானும் இருந்தேன். கொடி பிடித்து நடக்க மத்தியானம் மூன்று மணிக்குப் பயிற்சி. முதல் இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்றார்கள். அம்மாவிடம் கேட்டேன். "இந்த ஒரு வாரம் பொறுத்துக்க லெட்சுமி. நீ இல்லைன்னா நான் இவனுங்கள வச்சிக்கிட்டு என்ன பண்ணுவேன்?" என்று தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

நான் போய்விட்டேன். கொல்லைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு ஓடினேன். திடலில் காற்று வீசியது. கையில் காகிதக் கொடி படபடத்தது. இடது, வலது என்று நடந்த அந்த ஒரு மணி நேரம் நான் இருந்த சந்தோஷத்தை இன்றுவரை மனம் கூசாமல் நினைத்துப் பார்க்க முடிந்ததில்லை.

திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுச் சன்னல்கள் விரியத் திறந்திருந்தன. உள்ளே அம்மா இல்லை. பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள்தான் மணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து மலாய்க்கு மாறிய செட்டிக் குடும்பம்; அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். அம்மா அவரை "காக்" என்பார், அக்கா என்று அர்த்தம். நடந்ததை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். குணா கோட்டைத் தாண்டிப் போய்ச் சூட்டுக்கம்பியை உள்ளங்கையால் பிடித்துவிட்டான். அலறல் கேட்டுக் கொல்லை வழியாக ஓடிவந்த காக், ஏழு ரேடியோக்களுக்கு நடுவே, காலடியில் பிள்ளையும் கையில் திருப்புளியுமாக நின்ற அம்மாவைப் பார்த்திருக்கிறார். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாமல், முதலில் பெட்டிகள்மேல் போர்வையைப் போடப் போயிருக்கிறார். காக் அந்தப் போர்வையைப் பிடுங்கி எறிந்து, "சுடா, சுடா! அங்காட் புடாக் டுலு!" என்று கத்தினாராம். போதும், முதலில் பிள்ளையைத் தூக்கு என்று.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வந்தார். குணாவின் கை முழுக்கக் கட்டு, தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். அடிப்பார் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். என்னை அருகில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

"நீ ஓடுனது தப்பு இல்ல. எனக்கும் ஓடத் தெரிஞ்சா ஓடியிருப்பேன்" என்றார். பிறகு, "போர்வையத் தேடுனேன்டி. புள்ள கத்துறான், நான் போர்வையத் தேடுனேன்" என்று சொல்லி அழுதார். அம்மா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அப்பா வந்ததும் அம்மா, "நாளைக்கு நான் கடைக்கு வர்றேன்" என்றார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிள்ளையின் கையைப் பார்த்ததும் அவனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடையில் கூட்டம் நெரிந்தது. முதலாளி ராவுத்தர் வெள்ளைத் தொப்பியும் மூக்குக்கண்ணாடியுமாக இருந்தார்; ஊர்க்காரர்களைப் போல மலாய் கலந்து, பேச்சின் முடிவில் 'லா' சேர்த்துப் பேசுவார். எங்களைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய் உட்காரச் சொல்லி, கோப்பி வாங்கிவரச் சொன்னார். அம்மா கோப்பியைத் தொடவில்லை.

"அந்தப் பெட்டியெல்லாம் நான்தான் பாக்குறேன். ஆரம்பத்துலேர்ந்து நான்தான். அவரு பொய் சொன்னது தப்பு. நான் பேசாம இருந்தது அதவிடத் தப்பு" என்றார். அப்பா கதவோரம் தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. ரெண்டாவது வாரமே தெரியும் லா. பெட்டியத் தொறந்து பாத்தா உள்ளுக்கு ஒரு மொழ நீளத்துக்கு முடி கெடந்துச்சி. மாஸ்டருக்குத் தலையில அவ்ளோ முடி ஏது?"

"அப்ப ஏன் கேக்கல?"

"வேலை நடந்துச்சி, சுத்தமா நடந்துச்சி. நான் ஏன் கேக்கணும்? இப்பயும் ஒன்னும் கெட்டுப்போகல. தாப்பா, பரவால்ல. எப்பவும் போல நடக்கட்டும். பொம்பள பாக்குறான்னு தெரிஞ்சா ஜனங்க பெட்டி குடுக்க யோசிப்பாங்க. மாஸ்டருங்கிற பேருக்குத்தான் வர்றாங்க."

அப்பா நிமிர்ந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததை நான் பார்த்தேன், அம்மாவும் பார்த்திருக்கவேண்டும். பூட்டாமலே கிடந்த கதவு அது; ராவுத்தருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே இருந்த நாங்கள் மட்டும்தான் பூட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

"பேரு அவருக்கே இருக்கட்டும். வேலையும் இனிமே அவரே பண்ணட்டும்" என்றார் அம்மா. "நான் சொல்லித் தர்றேன். கத்துக்கிற வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. சன்னலச் சாத்த மாட்டேன்."

ராவுத்தர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "சரி" என்றார்.

சுதந்திர நாள் காலையில் காக்கின் வீட்டு வாசலில் கூடி நின்று கேட்டோம். தெரு நெடுக எல்லா வீட்டு ரேடியோவிலிருந்தும் ஒரே குரல். "மெர்டேகா!" என்று, சுதந்திரம் என்று, அங்கே முழங்க, இங்கே தெருவும் முழங்கியது, காக் அழுதுகொண்டே கையை உயர்த்தினார். ஊர்வலத்திலிருந்து என் பெயர் எடுக்கப்பட்டிருந்தது. பயிற்சிக்கு மறுபடி நான் போகவில்லை; போகச் சொல்லி அம்மா வற்புறுத்தியும் போகவில்லை. அம்மா கட்டுப்போட்ட குணாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சைக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். என் பக்கம் குனிந்து, "மூணாவது வீட்ல உம்முன்னு ஒரு சத்தம் வருது பாரு. அந்தக் கண்டென்சர மாத்தியிருக்கணும், அவசரத்துல விட்டுட்டேன்" என்றார்.

அப்பா கற்றுக்கொண்டார். சுலபமாக வரவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, முப்பத்தைந்து வயதில் பள்ளிப் பிள்ளை போல நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டார். எத்தனையோ முறை மின்சாரம் தாக்கித் துள்ளி விழுந்தார். இரண்டு வருடங்களில் நிஜமாகவே கைதேர்ந்த மெக்கானிக் ஆகிவிட்டார். பெட்டிகள் வீட்டுக்கு வருவது நின்றது.

அம்மாவுக்கு நேரம் கிடைத்துவிட்டது. இனி பழையபடி தன் பெட்டியைக் கட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அந்த வருடம்தான் என் தங்கை பிறந்தாள். வாரக் கடைசியில் ஆசிரியர் பயிற்சிக்குப் போகாவிட்டால் வேலை நிலைக்காது என்றார்கள், போனார். பிறகு எங்கள் படிப்பு, என் கல்யாணம். கேட்டால், "பாக்கலாம்" என்பார். ஒருமுறை மட்டும், "அதுல ஆசை இருந்தது நெசம். யாரும் கேக்காதப்ப பண்ணுறதுல இருந்த ஆசை. வேலையா வந்தப்புறம் அது எங்கேயோ நின்னுபோச்சி" என்றார். எந்த இடத்தில் நின்றது என்று அவர் தேடவில்லை.

அப்பா ஓய்வு பெற்றபோது கடைக்காரர்கள் ஒரு சிறு விருந்து வைத்தார்கள். பழைய முதலாளி காலமாகி, அவர் மகன் நடத்திக்கொண்டிருந்தார். மாலை போட்டு, மாஸ்டரின் கைராசியைப் பற்றி ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியில் அப்பா எழுந்து ஒலிவாங்கியின் முன்னால் போய் நின்றார். பிறகு, "எனக்கு இந்தத் தொழில் தெரியாது. முழுக்க என் சம்சாரம் சொல்லிக் குடுத்தது. ஆரம்பத்துல நீங்க எல்லாம் பாராட்டுன வேலைய அவதான் செஞ்சா" என்றார்.

மண்டபம் முழுவதும் சிரித்தது. கைதட்டினார்கள். பெண்டாட்டிக்குப் பயந்த மனுஷன் என்று யாரோ குரல் கொடுக்க, இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அப்பா, "இல்ல, நான் நெசமாத்தான்..." என்று தொடங்கினார்; ஒருவரும் கேட்கவில்லை. அம்மா மடியில் கைகளை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

காரில் வரும்போது அப்பா, "உண்மையத்தான் சொன்னேன், கமலா" என்றார்.

"தெரியும். அப்பவே சொல்லியிருந்தா சிரிச்சிருக்க மாட்டாங்க" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. வெளியே மழை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்.

இருவரும் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. ஆற்றங்கரைக் கடை இப்போது வெளியூர்க்காரர்கள் தங்கும் விடுதி. எங்கள் பலகை வீடு இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். காக்கின் வீட்டையும் இடித்துவிட்டுக் கல்வீடு கட்டிவிட்டார்கள். பழுதானதைத் திறந்து பார்க்கிற பழக்கமே ஊரில் போய்விட்டது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குகிறார்கள். நான் ஆயர் குரோவில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் காஜா பெராங் கோயிலுக்குப் போயிருந்தபோது ஒரு வயதான மனிதர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க ரேடியோ மாஸ்டர் மகதானே?" என்று கேட்டார். அவருடைய வீட்டுப் பெட்டியை அப்பா ஒரே நாளில் சரிசெய்து கொடுத்தாராம், சுதந்திரத்துக்கு முந்தின வாரத்தில்.

"கமலா டீச்சர் மக" என்றேன்.

அவர் சற்று யோசித்தார். "அவுங்கள எனக்கு ஞாபகம் இல்லையே லா" என்று வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.